கறுப்புப் பொத்தான்

அந்தச் சலவை ஆலையில் ஓட்டு என்றால் பொத்தான்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் துவைக்க வருகிற கோட்டுகளிலும் சட்டைகளிலும் அறுந்து விழுகிற பொத்தான்கள் டப்பா டப்பாவாகக் கிடக்கும்போது, சீட்டு அடிக்க யார் செலவு செய்வார்கள்? ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. திரைக்குப் பின்னால் போய், வேண்டியதை மூடி போட்ட வாளிக்குள் போட்டுவிட்டு, வேண்டாததைப் பக்கத்துச் சாக்கில் எறிந்துவிட்டு வர வேண்டும். போட்டியில் நிற்கிற இரண்டு பேருக்கு மட்டும் ஓட்டுக் கிடையாது.

ஓட்டு ஒரு சாவிக்காக. எந்த மிஷினையும் அந்த நிமிஷமே பூட்டி நிறுத்துகிற சிவப்புச் சாவி. முன்பு அது சூப்பர்வைசரிடம் இருந்தது. எப்போதோ ஒரு விபத்து நடந்து ஆலையின் பெயர் சந்தி சிரித்த பிறகு, "உங்க உயிரு, உங்க சாவி, நீங்களே ஆள் பாத்து வெச்சுக்குங்க" என்று முதலாளி தூக்கிக் கொடுத்துவிட்டார். கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. இனி யார் கை போனாலும் பழி தன் தலையில் விழாது என்று அவர் கணக்குப் போட்டது யாருக்கும் உறைக்கவில்லை.

சாவி வெகுகாலமாக ஃபிட்டரிடம்தான் இருந்தது. மிஷின்களைப் பழுது பார்க்கிறவர். முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நேரில் "ஃபிட்டர் அண்ணே" என்பவர்கள் முதுகு திரும்பியதும் சிடுமூஞ்சி என்பார்கள். வணக்கம் சொன்னால் பதிலுக்கு, "கையில வளையல் என்ன? கழட்டிட்டு நில்லு" என்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். சாவுக்கு வந்தால் ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போய்விடுவார்.

அவர்மேல் எல்லாருக்கும் இருந்த கடுப்புக்கு மூலகாரணம் ரோலர். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற பெரிய மிஷின் அது. ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால், சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். கொடுக்கிற பக்கம் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் ரோலர் அப்படியே நின்றுவிடும். விரல் பட்டால் மட்டும் நின்றால் பரவாயில்லை, விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நிற்கும். நின்றால் விரிப்பு கருகும், எண்ணிக்கை குறையும், அன்றைய ஊக்கத்தொகை எல்லாருக்கும் பணால். அதனால் தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியை அசையாமல் கட்டிவிடுவார்கள். ஃபிட்டர் காலையில் வருவார். துணிக்கட்டைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் ரோலரைப் பூட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு முழுக்க அவர் குடும்பத்துக்கே அர்ச்சனை நடக்கும்.

அந்த ரோலரில்தான் அக்காவும் தங்கையும் வேலை செய்தார்கள். ஆலையில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் சொல்வார்கள். சின்னவள் விரிப்பைக் கொடுப்பாள், பெரியவள் மறுபக்கம் வாங்கி மடிப்பாள். அம்மா போன பிறகு ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. சின்னவளுக்குச் சிரிக்கக் காரணமே வேண்டாம். பெரியவளுக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் சொத்து.

அந்த வருஷம் ஃபிட்டரை எதிர்த்து டெலிவரி வேன் டிரைவர் நின்றான். எல்லாரையும் "தங்கம்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் பெயரே தங்கம் என்றாகிவிட்டது. யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், யார் புருஷன் கோபித்துக்கொண்டு போனான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. இந்தச் சகோதரிகளின் அம்மா இறந்தபோது வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடைசிவரை கூடவே நின்றான். ஃபிட்டரும் வந்தார். "ரோலருக்கு வேற ஆள் போடணும், எப்போ திரும்புவே?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தைத்தது வேறு, சாவி வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஃபிட்டர் ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்காராடி?" என்றாள் மடிப்பு மேஜையில் அவள் பக்கத்தில் நிற்கிற குண்டக்கா.

"சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கா சாவி குடுக்கறோம்?"

"மனுஷன்னா நெஞ்சுல கொஞ்சம் ஈரம் வேணும்."

"ஈரம் வேணும்னா வாஷிங் பக்கம் போய் நில்லுக்கா. நான் கேக்கறது கையைப் பத்தி."

குண்டக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஓட்டுப் போடுகிறவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லாமல் என்ன செய்வது? கத்தரிக்காய் வாங்கினால் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவர்கள், தங்கள் பத்து விரலையும் ஒருவனிடம் ஒப்படைக்கும்போது அவன் பல்வரிசையைப் பார்த்தார்கள்.

ஓட்டுக்கு முன்னால் இருவரும் பேசினார்கள். "எனக்குப் பேச ஒண்ணும் இல்ல" என்றார் ஃபிட்டர். "கம்பியில துணி கட்டினா பூட்டுவேன். இஷ்டம் இருந்தா போடுங்க." உட்கார்ந்துவிட்டார். தங்கம் எழுந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். "எனக்கு மிஷின் தெரியாது தங்கங்களா. எனக்கு உங்களத்தான் தெரியும். எங்கம்மா அடுத்தவங்க துணியத் துவைச்சுத் துவைச்சே தேஞ்சு போனவ. இங்க யாரப் பாத்தாலும் எனக்கு அவ முகம்தான் தெரியுது" என்றான். குரல் உடைந்தது. கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. அவன் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை. நடித்திருந்தால் என்றைக்காவது சாயம் வெளுத்திருக்கும்.

பெரியவள் ஃபிட்டருக்கான கறுப்பைப் போட்டாள். கொஞ்சம் பழைய ஆட்களும் போட்டார்கள். மற்றதெல்லாம் தங்கத்துக்கான வெள்ளை. சின்னவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாளே கம்பியில் துணி ஏறிவிட்டது. ரோலர் நிற்காமல் ஓடியது, கையில் கூடுதல் காசு வந்தது, ஆளாளுக்குத் தங்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பெரியவள் தினமும் காலையில் போய்க் கட்டை அவிழ்ப்பாள். அவள் மறுபக்கம் திரும்புவதற்குள் சின்னவள் மறுபடி கட்டிவிடுவாள். "நீ ஃபிட்டருக்குத் தங்கச்சியாப் பொறந்திருக்கணும்க்கா" என்று சிரிப்பாள்.

பெரியவள் தங்கத்திடமே போனாள். "துணி கட்டறாங்க. நீங்க வந்து பாக்கறதே இல்ல."

"பேசறேன் தங்கம், கண்டிப்பாப் பேசறேன். இன்னைக்கு எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களே, கெடுக்க வேணாமே" என்றான். பிறகு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போனான். நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவனிடம் மிஷினை நிறுத்துகிற சாவியைக் கொடுத்திருக்கிறோம் என்பது யாருக்கும் வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் பெரியவளுக்கு வர வேண்டிய விரிப்பு கோணலாக வந்தது. அப்படி வந்ததே இல்லையே என்று அவள் நினைப்பதற்குள் மறுபக்கம் அலறல் கேட்டது. சுற்றி ஓடினாள். மடங்கிய நுனியை நீவிவிடப் போன சின்னவளின் வலது கை விரிப்போடு உள்ளே போயிருந்தது. தடுப்புக் கம்பி துணிக்கட்டில் அசையாமல் இருந்தது. உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. "சாவி! சாவி!" என்று எல்லாரும் கத்தினார்கள். சாவி வேனோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிட்டர்தான் சுவிட்ச் அறைக்கு ஓடி ஆலை மொத்தத்துக்கும் கரண்டை நிறுத்தினார். உருளையைக் கடப்பாரையால் நெம்பி அந்தக் கையை வெளியே எடுத்தவரும் அவர்தான்.

மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

தங்கம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். ரத்தம் வேண்டும் என்றபோது முதல் ஆளாகச் சட்டையைச் சுருட்டினான். தாழ்வாரத் தரையிலேயே படுத்துக் கிடந்தான். அவன்மேல் கொலைவெறி வந்திருக்க வேண்டிய பெரியவள், அவன் தோளில் சாய்ந்துதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். அழ ஒரு தோள் வேண்டியிருந்தது. அங்கே இருந்தது அவன் தோள் மட்டும்தான்.

ஃபிட்டர் மறுநாள் வந்தார், எண்ணெய்க் கறை சட்டையோடு. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"கம்பியில துணி கட்டினது யாரு?"

சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்போ கேக்கற கேள்வியாண்ணே இது?" என்று பெரியவள் அவரை வெளியே தள்ளாத குறையாக அனுப்பினாள்.

"இப்போ கேக்காம எப்போ கேக்கறது? ரோலர் மறுபடி ஓடுது. கட்டு அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பிறகு விசாரணை நடத்த ஓர் ஆபீசர் வந்தார். தங்கம் சிவந்த கண்ணோடு கட்டிலருகே நிற்க, சின்னவள், "என் கவனக்குறைவுதான் சார். துணியெல்லாம் ஒண்ணும் கட்டல" என்றாள். பெரியவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். குண்டக்கா முதற்கொண்டு எல்லாரும் அப்படி ஒரு துணியைக் கண்ணாலேயே கண்டதில்லை என்றார்கள். "கூடப் பொறந்தவளுக்கே வக்காலத்து வாங்காதவ, கல்நெஞ்சக்காரி" என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஆபீசர் ஒன்றுக்கும் பிடி கொடுக்காமல், சாவிக்கு மறுபடி ஓட்டு நடத்துங்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் சின்னவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஊட்டினால் சாப்பிட்டாள், எழுப்பினால் எழுந்தாள். பேச்சில்லை. சாயங்காலம் வேன் சத்தம் கேட்டால் மட்டும் தலை திரும்பும். தங்கம் பழம் வாங்கிக்கொண்டு வருவான், சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டுவான். ஒரு நாள் அவள் சிரித்துவிட்டாள். அடுப்படியில் நின்ற பெரியவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இந்தக் கையைத் தின்றவனே இந்தச் சிரிப்பையும் கொண்டுவருகிறானே என்று வயிறு எரிந்தது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் வேன் வரத் தாமதமானபோது, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தது அவள்தான்.

அதற்காக அவள் சாவியை மறக்கவில்லை. ஃபிட்டரைத் தேடிப் போனாள்.

"நான் நிக்கல. என்னை யாருக்கும் புடிக்கல, விடு" என்றார் அவர்.

"ரோலர்ல இப்போ வேற பொண்ணு நிக்குதுண்ணே. அதுக்காக நில்லுங்க."

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி" என்றார்.

ஓட்டு நாளன்று சின்னவளும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஆலைக்குள் கால் வைத்ததும் தங்கம் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் எல்லார் முன்னாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். "இந்தத் தங்கத்தோட கைக்குப் பதிலா என் கை போயிருக்கக் கூடாதா?" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. பேசவும் தேவைப்படவில்லை. கூடமே விம்மியது. சின்னவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஃபிட்டர் எழுந்தார். "அழுது முடிச்சாச்சா?" என்றார். "அந்தக் கையை நல்லாப் பாருங்க. கம்பியில துணி கட்டினது அவளேதான். முட்டாள். அவுக்க வேண்டியவன் வேன்ல சுத்தப் போனான். அவனும் முட்டாள். அடுத்த கை யாரோடதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கூடத்தில் பெரிய கூச்சல். சின்னவள் சேலைத் தலைப்பை இழுத்து மழுங்கிய கையை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு ரத்தம் கொதித்தது. நிற்கச் சொல்லிக் கெஞ்சியது நான், இந்த மனுஷனுக்கு வாயில் நல்ல வார்த்தை ஒன்று வராதா? பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளைச் சபை நடுவே முட்டாள் என்பதா? ஒரு வாரமாகத்தானே சிரிக்கிறாள். இன்றைக்குத் தங்கம் தோற்றுப் போய் வேன் வருவது நின்றுவிட்டால், மறுபடி அந்தச் சுவர்தானே?

அந்தக் கொதிப்போடுதான் திரைக்குப் பின்னால் போனாள். உள்ளங்கையில் இரண்டு பொத்தானும் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ரோலரில் நிற்கிற புதுப் பெண்ணின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். வரவில்லை. தங்கையின் குனிந்த தலைதான் வந்தது. வெள்ளையை வாளிக்குள் போட்டாள். போட்ட கணம் நெஞ்சு குளிர்ந்தது. நன்றாக வேண்டும் அவருக்கு என்று இருந்தது.

அடுத்தது சின்னவள். "நான் வந்து போட்டு விடட்டுமாடி?" என்று கேட்டாள் பெரியவள்.

"நானே போட்டுக்கறேன்."

சூப்பர்வைசர் வாளியை மடிப்பு மேஜையில், நீலத் துணிமேல் கவிழ்த்தார். வெள்ளை வெள்ளையாகச் சிதறி ஓடின. நடுவே ஒரே ஒரு கறுப்பு.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை தலையும் பெரியவள் பக்கம் திரும்பியது. "ஒத்தப் பொத்தான் யாரோடதுன்னு ஜோசியமா பாக்கணும்?" என்றாள் குண்டக்கா. தங்கமே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெரியவளின் கையைப் பிடித்தான். "எனக்கு உன்மேல கோவமே இல்ல தங்கம்" என்றான். உண்மையாகவே கோபம் இல்லைதான். அந்தக் கறுப்பு தன்னுடையதில்லை என்பது அந்தக் கூடத்தில் தன் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்று பெரியவள் நினைத்தாள்.

தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "அந்தாளு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"அவர் சொன்னது நிஜந்தானேக்கா. கட்டினது நான்தானே."

பெரியவள் நின்றுவிட்டாள். "அப்புறம் ஆபீசர்கிட்ட ஏன்டி அப்படிச் சொன்னே?"

"தங்கம் அண்ணன் அழுதுகிட்டே எதிர்ல நின்னாரு. அந்த முகத்தப் பாத்துகிட்டு எப்படிச் சொல்றது? இன்னைக்குத் திரைக்குப் பின்னால யாரும் இல்ல. நானும் என் கையும்தான் இருந்தோம்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு கறுப்பு. அது யார் போட்டது என்று போட்டவளுக்குத் தெரியாதா? அப்படியென்றால் அக்கா எதைப் போட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஃபிட்டர் எதிரே வந்தார். அவர்களைக் கண்டதும் நின்றார். என்ன செய்வதென்று தெரியாதவர் போல மணியை ஒருமுறை தடவினார். பெரியவள் இத்தனை காலத்தில் அவர் முகம் அப்படி இளகிப் பார்த்ததில்லை.

"நீ போட்ட ஒத்தக் கறுப்பைப் பாத்தேன்மா" என்றார். "நான் இவளத் திட்டினதுக்கு நீயும் மாறியிருப்பேன்னு நெனச்சேன். எனக்குப் பேசத் தெரியாது. ஒரு ஆளாவது யோசிச்சுதே. அது போதும்."

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"எங்கக்கா அப்படித்தாண்ணே" என்றாள் சின்னவள். "யாரு அழுதாலும் யாரு திட்டினாலும் அவ மாற மாட்டா."

ஃபிட்டர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். சின்னவள் இடது கையால் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவளால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளே ரோலரை ஓட்டிவிட்டார்கள்.